சிறு பவளப்பாறை மீன்தொட்டி

சிறு பவளப்பாறை மீன்தொட்டி என்பது பவளங்கள், கடல் மீன்கள், பிற முதுகெலும்பிலிகள் ஆகியவற்றை உவர்நீரில் ஒன்றாக வளர்க்கப் பயன்படும், ஏறத்தாழ 115 லிட்டருக்கும் குறைவான கொள்ளளவு உடைய கண்ணாடித் தொட்டி ஆகும். இத்தகைய தொட்டிகள் பொழுதுபோக்காளர்களிடையே நானோ தொட்டி என்றும், 20 லிட்டருக்கும் குறைவானவை பிக்கோ தொட்டி என்றும் அழைக்கப்படுகின்றன. இலங்கையில் பவளப்பாறையை முருகைக்கற்பாறை என்று குறிப்பிடும் வழக்கமும் உண்டு.

மீன்களை மட்டும் வளர்க்கும் தொட்டியிலிருந்து பவளப்பாறைத் தொட்டி அடிப்படையிலேயே வேறுபட்டது. இங்கு முதன்மையாகப் பேணப்படுவது பவளமே. நீரின் தரம், ஒளி, நீரோட்டம் ஆகிய மூன்றும் பவளத்தின் தேவைக்கு ஏற்ப அமைக்கப்படுகின்றன. சிறிய தொட்டிக்கு இடமும் செலவும் குறைவு. எனினும் நீரின் அளவு குறையக் குறைய அதன் நிலைத்தன்மையும் குறைவதால், சிறிய தொட்டியைப் பேணுவது எளிது என்ற பொதுவான எண்ணம் சரியானதன்று.

வரலாறு

கடல் உயிரினங்களை வீட்டில் நீண்ட காலம் வளர்த்துக் காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தைன் என்பவருடையது. இவர் 1846ஆம் ஆண்டு தோர்க்கீ கடற்கரையிலிருந்து கல்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அக்காலத்தில் மின்சார எக்கிகள் இல்லாததால், நீரைத் திறந்த சாளரத்தின் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்றிக் காற்றூட்டினர். பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்து அச்சமநிலையைப் பேணினார். 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் என்றி கோசு எழுதிய நூல் இப்பொழுதுபோக்கைப் பரவலாக்கியது.

வெப்பமண்டலப் பவளங்களை வளர்ப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கைகூடியது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியைப் பேணும் முறையை 1961ஆம் ஆண்டு வெளியிட்டார். 1970களிலும் 1980களிலும் செருமனியில் உயிர்ப்பாறை, நுரை பிரிப்பான், வலுவான ஒளி ஆகியவற்றை இணைத்து உருவான முறை பெர்லின் முறை எனப்படுகிறது. இக்காலத்திலேயே மொனாக்கோவில் சான் சோபேர் மணற்படுகையை அடிப்படையாகக் கொண்ட முறையையும், அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தில் வால்ட்டர் ஏடி பாசிப் படுகையைக் கொண்டு நீரைத் தூய்மையாக்கும் முறையையும் உருவாக்கினர். இன்றைய சிறு தொட்டிகள் பெரும்பாலும் பெர்லின் முறையின் எளிமையான வடிவங்களே. 2010களில் எல்.இ.டி. விளக்குகள் பரவலானதால், மிகுந்த வெப்பத்தை வெளிவிட்ட பழைய உலோக ஆலைடு விளக்குகளின் தேவை குறைந்தது.

அடிப்படைத் தத்துவம்

பவளத்தின் உணவு

பாறை அமைக்கும் பவளங்களின் திசுக்களுள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் சர்க்கரை முதலிய பொருட்களின் பெரும்பகுதியைப் பவளம் உணவாகப் பெறுகிறது. பாசிக்குத் தங்குமிடமும், பவளத்தின் கழிவுப் பொருட்களில் அடங்கிய நைட்ரசனும் பாசுபரசும் கிடைக்கின்றன. எனவே பவளம் விலங்கே ஆயினும் தாவரத்தைப் போல ஒளியைச் சார்ந்துள்ளது. வெப்பம் மிகும்போது இவ்விணைவாழ்வு குலைந்து, பவளம் பாசிகளை வெளியேற்றுகிறது. நிறமிழந்த இந்நிலை பவள வெளிறல் எனப்படும். கடலில் நிகழும் இவ்விளைவு தொட்டியிலும் அவ்வாறே நிகழும்.

நைட்ரசன் சுழற்சி

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உருவாகிறது. நைட்ரோசோமோனாசு போன்ற பாக்டீரியாக்களும் சில ஆர்க்கியாக்களும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோசுபைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நுண்துளைகள் மிகுந்த பாறையின் ஆக்சிசன் குறைந்த உட்பகுதியில் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்றுகின்றன.

நன்னீர்த் தொட்டியைக் காட்டிலும் கடல்நீர்த் தொட்டியில் அமோனியா அதிக ஆபத்தானது. நீரின் பி.எச். மதிப்பு உயரும்போது, அம்மோனியம் அயனியாக உள்ள பகுதி குறைந்து, நச்சுத்தன்மை மிக்க அமோனியாவாக உள்ள பகுதி கூடுகிறது. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், இந்நுண்ணுயிரிகள் பெருகி நிலைபெறும் முன் மீன்களை விடுவது அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

நீரின் அளவும் நிலைத்தன்மையும்

தொட்டி நீர் ஆவியாகும்போது தூய நீர் மட்டுமே வெளியேறுகிறது. உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 35 கிராம் உப்பு வீதம் 50 லிட்டர் நீரில் 1,750 கிராம் உப்பு உள்ளது. 5 லிட்டர் நீர் ஆவியானால் அதே உப்பு 45 லிட்டரில் செறிந்து, லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராமாக உயரும். 500 லிட்டர் தொட்டியில் அதே 5 லிட்டர் ஆவியானால் அது 35.4 கிராமாக மட்டுமே உயரும். வெப்பநிலை, அமோனியா ஆகியவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும். தொடக்கநிலையாளர்களுக்கு 20 லிட்டர் தொட்டியைக் காட்டிலும் 60 முதல் 100 லிட்டர் வரையிலான தொட்டி பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தேவையான பொருட்கள்

தொட்டியும் தாங்கியும்: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 65 லிட்டர். பாறையும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையான நீரளவு 50 லிட்டர் அளவிலேயே இருக்கும். நீர், பாறை, மணல், கண்ணாடி அனைத்தும் சேர்ந்து 80 கிலோகிராமைத் தாண்டக்கூடும் என்பதால் தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். நேரடி வெயில் படும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

பாறை: கடல் நுண்ணுயிரிகள் குடியேறிய நுண்துளைப் பாறை உயிர்ப்பாறை எனப்படுகிறது. இதுவே தொட்டியின் முதன்மையான வடிகட்டி ஆகும். இன்று உலர்பாறைகளும், வெண்களிமண் அல்லது சிமெந்துக் கலவையால் செய்யப்பட்ட செயற்கைப் பாறைகளும் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் நுண்ணுயிரிகள் குடியேறக் கூடுதல் காலம் ஆகும். ஆயினும் தேவையற்ற உயிரிகள் உடன்வருவதில்லை, கடற்பாறைகளும் அழிவதில்லை.

மணல்: கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட்டு மணல் 2 முதல் 5 செ.மீ. ஆழத்திற்கு இடப்படுகிறது. ஆற்று மணலும் கட்டுமான மணலும் பொருத்தமற்றவை.

விளக்கு: நீல நிறமாலை மிகுந்த எல்.இ.டி. விளக்குகள் பயன்படுகின்றன. நீருக்குள் ஆழமாக ஊடுருவும் ஒளி நீலமே என்பதால், பவளப் பாசிகள் அதற்கு இசைந்துள்ளன. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர ஒளி போதுமானது. நேரக்கருவி கொண்டு இதை ஒழுங்காகப் பேணுவது நன்று.

நீரோட்ட எக்கி: இடம் விட்டு இடம் நகராத பவளத்திற்கு உணவையும் ஆக்சிசனையும் கொண்டுவருவதும் கழிவை அகற்றுவதும் நீரோட்டமே. ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரைப்போல் 10 முதல் 20 மடங்கு நீரை நகர்த்தும் திறன் பொதுவாகப் போதுமானது.

வெப்பமூட்டியும் குளிர்விப்பும்: குளிர்ப் பகுதிகளில் வெப்பமூட்டி இன்றியமையாதது. வெப்பமண்டல நாடுகளில் சிக்கல் நேர்மாறானது. கோடையில் அறை வெப்பநிலையோடு நீரின் வெப்பநிலையும் 30 பாகையைத் தாண்டக்கூடும். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை வீசச்செய்தால் ஆவியாதல் மூலம் வெப்பநிலை சில பாகைகள் குறையும். ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் வேலை கூடும். இது போதாதபோது நீர் குளிர்விப்பான் தேவைப்படும்.

நுரை பிரிப்பான்: நுண்ணிய காற்றுக் குமிழிகளின் பரப்பில் புரதம் முதலிய கரிமப் பொருட்கள் ஒட்டிக்கொள்ளும் பண்பைப் பயன்படுத்தி, அவை சிதையும் முன்னரே அகற்றும் கருவி இது. மிகச் சிறிய தொட்டிகளில் வாராந்திர நீர்மாற்றம் இதன் பணியை ஏற்றுக்கொள்ளும்.

அளவிடும் கருவிகள்: உப்பின் அளவை அறிய ஒளிவிலகல்மானி, வெப்பமானி, மற்றும் அமோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு, பாசுபேட்டு, காரத்தன்மை, கால்சியம் ஆகியவற்றுக்கான சோதனைப் பொதிகள் தேவை.

நீரைத் தயாரித்தல்

குழாய் நீரில் குளோரின், குளோரமீன், பாசுபேட்டு, சிலிக்கேட்டு, சில வேளைகளில் செம்பு ஆகியவை இருக்கலாம். மிகச் சிறிதளவு செம்பும் இறால், நத்தை, பவளம் முதலிய முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சாகும். எனவே எதிர்ச் சவ்வூடுபரவல் மூலம் வடிகட்டி, அயனி நீக்கம் செய்யப்பட்ட நீரே பயன்படுத்தப்படுகிறது. வீடுகளில் உள்ள குடிநீர்த் தூய்மையாக்கிகளில் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்நீரில் பவளத் தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையைக் கலக்க வேண்டும். சமையல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமே உள்ளதால் அது ஈடாகாது. உப்பை எப்பொழுதும் தனிக் கலனில் கலந்து, எக்கி கொண்டு பல மணி நேரம் சுழலவிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். உயிர்கள் உள்ள தொட்டியில் உப்பை நேரடியாக இடக்கூடாது. கரைக்கருகே எடுக்கும் கடல்நீர், ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை ஆகியவற்றால் மாசுற்றிருக்கக் கூடும்.

அமைக்கும் முறை

1. தொட்டியில் நன்னீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கசிவு உள்ளதா எனச் சோதித்து, பின் நீரை அகற்ற வேண்டும்.
2. பாறைகளை முதலில் தொட்டியின் அடியில் உறுதியாக நிறுத்தி, அதன் பின்னரே மணலை இட வேண்டும். மணலின் மேல் வைத்த பாறை, மணலைத் தோண்டும் உயிரினங்களால் சரியக்கூடும். பாறைகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே துலக்குவதற்கு இடம் விடுதல் வேண்டும்.
3. கலந்து வைத்த உவர்நீரை நிரப்பி, எக்கியையும் வெப்பமூட்டியையும் இயக்க வேண்டும். நீர் ஓரிரு நாட்கள் கலங்கலாக இருப்பது இயல்பு.
4. அமோனியம் குளோரைடு கரைசலையோ சிறிதளவு இறால் துண்டையோ இட்டு நைட்ரசன் சுழற்சியைத் தொடங்க வேண்டும். புட்டிகளில் விற்கப்படும் பாக்டீரியாக் கரைசல் இதை விரைவுபடுத்தலாம். இதற்காக உயிருள்ள மீனைப் பயன்படுத்தும் பழைய வழக்கம் கைவிடப்பட்டு வருகிறது.
5. சில நாட்களுக்கு ஒருமுறை நீரைச் சோதிக்க வேண்டும். முதலில் அமோனியாவும், அடுத்து நைட்ரைட்டும் உயர்ந்து தாழும். இறுதியில் நைட்ரேட்டு உயரும். இட்ட அமோனியா முழுவதும் ஒரு நாளில் மறைந்து, நைட்ரைட்டும் சுழியத்தை அடைந்தால் சுழற்சி நிலைபெற்றது எனக் கொள்ளலாம். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 கிழமைகள் ஆகும்.
6. பெருமளவு நீர்மாற்றம் செய்து நைட்ரேட்டைக் குறைத்த பின், முதலில் ஓரிரு நத்தைகளையும், அடுத்து ஒரு மீனையும், அதன் பின் எளிய பவளங்களையும் இரண்டு கிழமை இடைவெளிகளில் சேர்க்கலாம்.

புதிய தொட்டியில் முதலில் பழுப்பு நிற இருகலப்பாசிப் படலமும், பின்னர் பச்சை இழைப்பாசியும் தோன்றி மறைவது வழக்கம். இக்காலத்தில் வேதிப்பொருட்களை இட்டுப் பாசியை அழிக்க முயல்வது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

நீரின் அளவீடுகள்

கலப்புப் பவளத் தொட்டிக்குப் பொதுவாக ஏற்கப்படும் அளவுகள்:

* வெப்பநிலை: 24 முதல் 27 செல்சியசு பாகை
* உப்பின் அளவு: ஆயிரத்தில் 35 பங்கு
* ஒப்படர்த்தி: 1.025 முதல் 1.026
* பி.எச்.: 8.1 முதல் 8.4
* காரத்தன்மை: 8 முதல் 11 செருமானியப் பாகை
* கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்
* மக்னீசியம்: லிட்டருக்கு 1,250 முதல் 1,350 மில்லிகிராம்
* அமோனியா, நைட்ரைட்டு: அறியத்தக்க அளவில் இருத்தல் கூடாது
* நைட்ரேட்டு: லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ்
* பாசுபேட்டு: லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழ்

நைட்ரேட்டும் பாசுபேட்டும் முற்றிலும் இல்லாமற்போவதும் பவளத்திற்குத் தீங்கே. இவ்வளவுகளில் ஒன்றைத் துல்லியமாக எட்டுவதை விட, நாள்தோறும் மாறாமல் வைத்திருப்பதே முதன்மையானது. விலகிய அளவை ஒரே நாளில் திருத்தினால், விலகலைவிடத் திருத்தமே கேடாகக்கூடும்.

உயிரினங்கள்

மீன்கள்

50 லிட்டர் தொட்டிக்கு இரண்டு அல்லது மூன்று சிறு மீன்களே ஏற்றவை. ஆம்பிப்பிரியான் ஒசெல்லாரிசு எனும் கோமாளி மீன் உறுதியானது. வளர்ப்பகங்களில் பெருமளவில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. இயற்கையில் இது கடற்சாமந்தியோடு வாழ்ந்தாலும், தொட்டியில் அதன்றியும் நலமாக வாழும். கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. இணையில் பெரியது பெண்ணாக மாறுவதால், இரு இளமீன்களைச் சேர்த்து விட்டாலே காலப்போக்கில் இணையாகிவிடும். உளுவை இனத்தைச் சேர்ந்த சிறு மீன்களும் பொருத்தமானவை. இவற்றுள் சில, கண்பார்வை குன்றிய சொடுக்கு இறாலுடன் ஒரே வளையில் வாழ்ந்து அதற்குக் காவலாக இருக்கின்றன.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது நீல நிறப் பராகாந்தூரசு எப்பாட்டசு. கடையில் விரலளவே இருக்கும் இம்மீன் ஏறத்தாழ 30 செ.மீ. வரை வளரும், நீண்ட நீச்சல்வெளி தேவைப்படுவது. நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுவதும் மேய்ந்து வாழும் மாண்டரின் மீன், புதிய சிறு தொட்டியில் பட்டினியால் இறந்துவிடும்.

பவளங்கள்

தொடக்கநிலையாளர்களுக்குக் காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திடு முதலியன ஏற்றவை. இவற்றுக்குக் கடின எலும்புக்கூடு இல்லாததால் கால்சியத் தேவை குறைவு. அடுத்த நிலையில் யூபில்லியா, காலாசுட்ரியா போன்ற பெருவாய்க் கல்பவளங்கள் வளர்க்கப்படுகின்றன. வலுவான ஒளியும் மாறாத நீர்த்தரமும் வேண்டும் அக்ரோபோரா போன்ற சிறுவாய்க் கல்பவளங்கள், தொட்டி ஓராண்டு முதிர்ந்த பின்னரே முயலத்தக்கவை. கடற்சாமந்தியும் இடம்பெயர்ந்து எக்கியில் சிக்கக்கூடியது என்பதால் பின்னாளுக்கே உரியது.

பவளங்கள் ஒன்றோடொன்று போரிடக்கூடியவை. சில இரவில் நீண்ட கொட்டும் உணரிகளை நீட்டுகின்றன. சில நீரில் நச்சுப்பொருட்களைச் சுரக்கின்றன. எனவே அவற்றிடையே போதிய இடைவெளி விடுவதும், கிளர்வுற்ற கரியைப் பயன்படுத்துவதும் தேவையாகின்றன.

பராமரிப்பு

* நாள்தோறும்: வெப்பநிலை பார்த்தல், ஆவியான அளவுக்குத் தூய நன்னீர் சேர்த்தல். உவர்நீரைச் சேர்த்தால் உப்பு கூடிக்கொண்டே போகும். மீன்கள் சில மணித்துளிகளில் உண்டு முடிக்கும் அளவே உணவிடல் வேண்டும்.
* கிழமைதோறும்: 10 விழுக்காடு நீர்மாற்றம், கண்ணாடி துலக்குதல், நீர்ச் சோதனை. மாற்றும் நீரின் வெப்பமும் உப்பும் தொட்டி நீரை ஒத்திருத்தல் வேண்டும்.
* மாதந்தோறும்: எக்கிகளைக் கழற்றித் துலக்குதல், கரியை மாற்றுதல்.

புதிதாக வாங்கிய மீனைச் சில கிழமைகள் தனித்தொட்டியில் வைத்து நோக்குவது இன்றியமையாதது. கிரிப்டோகாரியான் எனும் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் தொட்டியில் புகுந்தால், பவளங்கள் இருப்பதால் அங்குச் செம்பு மருந்தைப் பயன்படுத்த இயலாது. எல்லா மீன்களையும் வேறிடத்தில் வைத்து மருத்துவம் செய்து, ஒட்டுண்ணி அழியும் வரை ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் தொட்டியை மீனின்றி விடுவதே வழி.

மின்தடை நேரும்போது முதலில் குறைவது ஆக்சிசன். மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி ஒன்றை வைத்திருப்பது பெருஞ்சேதத்தைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

சோவாந்திடு வகைப் பவளங்களுள் சில, குறிப்பாகப் பாலித்தோவா இனத்தவை, பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சைக் கொண்டுள்ளன. இது 1971ஆம் ஆண்டு அவாய்த் தீவுகளின் பாலித்தோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வுயிரிகள் ஒட்டியுள்ள பாறையைக் கொதிநீரில் இடுவதோ, கொதிநீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடாது. எழும் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தினர் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் உள்ளன. வெட்டும்போது கையுறையும் கண்காப்பும் அணிதல் வேண்டும். காயமுள்ள கையைத் தொட்டியில் இட்டால் மைக்கோபாக்டீரியம் மரைனம் எனும் பாக்டீரியாவால் ஆறாத தோற்புண் ஏற்படலாம்.

உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்துவதும், கம்பி வழியே வடியும் நீர் மின்செருகியை அடையாதவாறு கம்பியைச் செருகிக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுவதும் அடிப்படை முன்னெச்சரிக்கைகள் ஆகும்.

சட்டமும் சூழலியலும்

கல்பவளங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. நாடுகளுக்கிடையே அவற்றைக் கொண்டுசெல்ல உரிய அனுமதி வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கல்பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் முதலியன 2001ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். கரையில் ஒதுங்கிய பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். இச்சட்டத்தின் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றி அமைக்கப்பட்டுள்ளதால், எந்த உயிரினத்தையும் வாங்கும் முன் வனத்துறையிடம் நடப்பு விதியை உறுதிசெய்து கொள்ளல் வேண்டும். இதனால் இந்தியாவில் செயற்கைப் பாறையும் வளர்ப்பக மீன்களும் கொண்ட தொட்டியே தொடக்கநிலையாளருக்கு உகந்தது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தி முறைகளை உருவாக்கியுள்ளது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்குச் சுண்ணாம்புக்காகப் பவளக்கல் அகழ்ந்தது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பவளத்தை எடுப்பதால் ஏற்படும் இழப்பு பவளத்தோடு முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு கொண்டு மீன்களை மயக்கிப் பிடிக்கும் முறை பாறைகளையும் நஞ்சூட்டியது. இந்தோனேசியாவின் சிறு தீவுக்கூட்டம் ஒன்றில் மட்டும் இயற்கையாக வாழும் பாங்காய் கார்டினல் மீன், மீன்தொட்டி வணிகத்திற்காக மிகையாகப் பிடிக்கப்பட்டதால் 2007ஆம் ஆண்டு அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது. இம்மீன் வளர்ப்பகங்களில் எளிதாக இனம்பெருகக் கூடியது என்பது குறிப்பிடத்தக்கது.

தொட்டி உயிரினங்களைக் கடலிலோ ஓடையிலோ விடுவதும் தவறு. 1984ஆம் ஆண்டு மொனாக்கோ கடற்கரையில் கண்டறியப்பட்ட காலெர்ப்பா தாக்சிபோலியா எனும் அழகுப்பாசி, நடுநிலக்கடலின் பல பகுதிகளில் பரவிக் கடற்புல் படுகைகளைப் பாதித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இது 2000ஆம் ஆண்டு காணப்பட்டு, 2006ஆம் ஆண்டிலேயே முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு புளோரிடாவில் முதலில் பதிவான இந்தோ-பசிபிக் சிங்கமீன் இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவியுள்ளது. வளர்க்க இயலாத உயிரினத்தை விற்பனையாளரிடமோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறை.

இவற்றையும் பார்க்க

* பவளப்பாறை
* நைட்ரசன் சுழற்சி
* கோமாளி மீன்
* பவள வெளிறல்
* மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா